ஊராத்துறையில் இறங்கிய யானையும் குதிரையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனம் ஈழத்து வரலாற்று மாணவர் நன்கறிந்த ஒன்றாகும். பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (கி.பி. 1153 - 1186) ஆணையைத் தாங்கிய இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து, 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பரதேசி வணிகர் ஊராத்துறையிலே வந்து இறங்குதல் வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படல் வேண்டும் என்றும் கூறும் அவ்வாணை, உடைந்த மரக்கலங்கள் பற்றிய ஒரு விதியையும் வகுக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. ஏனைய சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு; செம்பாதி உடையவனுக்கு. இச்சலுகைக்குக் காரணமும் அங்கேயே கூறப்படுகின்றது: அரசனுக்கு யானை, குதிரை மீது விருப்பு உண்டு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

இச்சாசனத்தைக் கடல் வாணிப வரலாற்றுக்கும் தமிழ் மொழி வரலாற்றுக்கும் சான்றாகக் கொண்டோர் பலர். ஆயின் அது ஒரு விலங்குப் பாகுபாடும் ஆகும் என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. கப்பலில் வரும் பொருள் அனைத்தையும் அது இரண்டாக வகுக்கின்றது: யானை குதிரை ஒரு வகை, மற்றைய யாவும் ஒரு வகை. அரசன் உயிரியல் கற்றவன் அல்லன். எனினும் வகைப்படுத்துவோன் எவனும் ஏதோ ஒரு தேவை நோக்கியே வகைப்படுத்துகின்றான் என்பதை இக்கல் தெளிவாகக் காட்டுகின்றது. படைக்கு வேண்டியவை, உயிரோடு வந்துசேர வேண்டியவை, வழியில் இறந்தால் முதலும் போய்விடுபவை என்ற வகையில் அவ்விரண்டும் அவனுக்கு ஓரினமே.

தமிழ் மரபும் இவ்விரு விலங்குகளையும் ஓரிடத்தில் அருகருகே வைத்துள்ளது. தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுத்து, விலங்குகளை ஐயறிவின்பாற் படுத்துகின்றது. இளமைப் பெயர்களைக் கூறுமிடத்து, யானையின் இளமையையும் குதிரையின் இளமையையும் கன்று என்று வழங்கலாம் என்கின்றது. களிறு, பிடி என்ற பெயர்களை யானைக்கு உரிமையாக்குவதும் அவ்வியலே. இது சொல்லின் மரபு பற்றிய பாகுபாடு, உடலமைப்புப் பற்றியதன்று.

உடலமைப்பை நோக்கின் இவை இரண்டும் முள்ளந்தண்டு விலங்குகள், முலையூட்டிகள் என்ற அளவிலே ஒன்றுபட்டு, அதன்பின் பிரிந்துவிடுகின்றன. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரேயொரு விரலை ஊன்றி, அதன் நுனிக் குளம்பால் ஓடுவது. காண்டாமிருகத்தோடு ஒரே வருணத்தில் அடங்குவது. யானையோ தும்பிக்கையுடைய விலங்குகளின் வருணத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே குடும்பம். அதற்கு மிக நெருங்கிய உறவு நிலத்தில் இல்லை, கடலில் உள்ளது. பாக்குநீரிணையின் ஆழங்குறைந்த கடற்புல் வெளிகளில் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவின் கூட்டமே யானையின் கிட்டிய உறவு என இன்றைய விலங்கியல் கொள்கின்றது. தீவகத்துத் துறையில் யானை ஏற்றி இறக்கிய மாலுமிகள், அதன் உறவினம் தம் கப்பலுக்கு அடியில் மேய்வதை எண்ணியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட இயற்கை முறைமை நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் அறிவியற் பெயரீட்டுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அதில் யானை, கடற்பசுக்களின் உறவினதாகிய மனாட்டியோடும் எறும்புண்ணியோடும் அழுங்கோடும் ஒரே வருணத்தில் வைக்கப்பட்டுள்ளது. குதிரைக்கு நீர்யானை துணை. காண்டாமிருகமோ எலி, அணில், முயல் ஆகியவற்றின் நடுவே நிற்கின்றது. இதைக் கண்டு நகைப்பது எளிது. பல்லமைப்பையே பெரிதும் நம்பியதால் வந்த விளைவு அது. ஆயினும் யானையையும் மனாட்டியையும் அவர் ஒன்றாக வைத்தது, காரணம் பிழைத்தாலும் முடிவு பிழைக்காத ஒரு வேடிக்கை.

யானைக்கு வாழிடமாக லின்னேயஸ் குறித்தது இலங்கையை. ஆசிய யானை, ஆபிரிக்க யானை என்ற வேறுபாடு அவருக்குத் தெரியாது. 1797இல் புளூமன்பாக் என்பவரே அதனைப் பிரித்துக் காட்டினார். லின்னேயஸ் சான்றாகக் கொண்ட பொருள்களுள் ஒன்று, குப்பியில் பாதுகாக்கப்பட்ட ஒரு யானைக் கரு. அது ஆசிய யானையே அன்று, ஆபிரிக்க யானை என்பது 2013இல் வெளியான மரபணு, புரத ஆய்வுகளால் உறுதியாயிற்று. அதன்பின் ஆசிய யானை இனத்துக்கு மூலச்சான்றாகத் தெரிவு செய்யப்பட்டது இத்தாலியின் புளோரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் எலும்புக்கூடு. அது ஹன்ஸ்கன் என்ற பெயர் பூண்ட பிடியினுடையது. இலங்கையிலிருந்து ஒல்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1637இல் ஓவியர் ரெம்பிராண்டினால் வரையப்பட்டு, ஐரோப்பிய நகரங்கள் தோறும் வித்தை காட்டி, 1655இல் புளோரன்சில் இறந்தது அது. அக்காலத்தில் ஊர்காவற்றுறை போர்த்துக்கேயர் கையில் இருந்தமையால் இத்துறை வழியாக அது சென்றிருத்தல் அரிது. எனினும் கடல் வழியே விற்கப்பட்ட ஈழத்து யானை ஒன்றின் எலும்புகளே இன்று அவ்வினம் முழுவதற்கும் அளவுகோல்.

யானை வெளியே செல்வது பழைய வழக்கம். இலங்கையர் பெரிய மரக்கலங்கள் அமைத்து யானைகளைக் கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்று ஈலியன் எழுதியுள்ளார். ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மஸ், இலங்கை மன்னன் யானைகளை உயரத்தை முழக்கணக்கில் அளந்து விலை கொடுத்து வாங்கினான் என்றும், பாரசீகத்திலிருந்து குதிரை கொண்டுவருவோருக்குச் சுங்கம் விலக்கினான் என்றும் கூறுகின்றார். குதிரைக்குத் தனிச்சலுகை என்பது, ஆகவே, பராக்கிரமபாகு புதிதாகக் கண்டதன்று.

இங்கே ஒரு வினா எழுகின்றது. யானை விளையும் நாட்டுக்கு யானையைக் கொண்டுவருவதற்கு ஏன் சலுகை? கொல்லனுக்கு ஊசி விற்பது போன்றதன்றோ இது? ஆனால் இறக்குமதி நடந்தது என்பதில் ஐயமில்லை. பர்மிய மன்னன் யானை விற்பனையைத் தடுத்தமையும், பராக்கிரமபாகு அந்நாட்டின் மீது கடற்படை செலுத்தியதற்கான காரணங்களுள் ஒன்று எனச் சூளவம்சம் கூறுகின்றது. விலங்கியல் தரும் ஒரு செய்தி இவ்வினாவுக்கு விடையாகலாம். தென்னிந்தியக் களிறுகளிற் பெரும்பாலானவை கொம்புடையவை; இலங்கைக் களிறுகளிலோ பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே கொம்புடையவை. போருக்கும் பவனிக்கும் கொம்பன் யானையை விரும்பிய மன்னன் அதனைக் கடல் கடந்து தேடியிருத்தல் இயல்பே. இது ஊகமேயெனினும், பிற்கால வாணிபம் இதற்கு அரண் செய்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொம்பில்லா யானையைச் சிங்களச் சொல்லையொட்டி ‘அலியா’ என வேறாக எழுதினர். விலையையும் உயரமும் கொம்பும் கொண்டே தீர்மானித்தனர். விலங்கியலாளர் ஓர் இனம் என்பதை வணிகர் இரண்டாகக் கண்டனர்.

ஊர்காவற்றுறைக்கு ஐரோப்பியர் இட்ட ‘கைற்ஸ்’ என்ற பெயரே போர்த்துக்கேய மொழியில் கப்பல்துறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. யானைகளின் துறை என்றே அதனை வழங்கினர். வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். ஒல்லாந்தர் ஆட்சியில், தெற்கே மாத்தறைப் பகுதியிற் பிடிக்கப்பட்ட யானைகளும் தரைவழியாக வடக்கே நடத்திக் கொண்டுவரப்பட்டு, ஆனையிறவுக் கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தன. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகர் அவற்றை வாங்கிச் சென்றனர்.

ஏன் யானையை எக்காலமும் பிடித்தே ஆகவேண்டும்? பிடியின் கருப்பக்காலம் ஏறத்தாழ 22 மாதம். ஈனுவது பெரும்பாலும் ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு நாலைந்து ஆண்டு. கன்று வேலைக்கு உதவுமுன் பல ஆண்டுகள் தீனி போட வேண்டும். வளர்ப்பதிலும் பிடிப்பதே மலிவு. குதிரையோ 11 மாதத்தில் ஈனும். சில ஆண்டுகளிற் சவாரிக்கு ஆயத்தமாகும். ஆகவே குதிரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் தெரிந்தெடுத்து இனம்பெருக்கிய விலங்கு. யானை அவ்வாறு ஒருபோதும் ஆனதில்லை. பட்டம் கட்டிப் பவனி வந்த யானையும் காட்டிற் பிறந்து குழியிலோ பட்டியிலோ அகப்பட்டதே.

பாண்டிய நாட்டில் குதிரை நன்கு இனம்பெருகாது என்றும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்யப்பட்டுப் பெரும்பாலானவை இறந்தன என்றும் மார்க்கோ போலோ எழுதியதை வைத்து, நம் தட்பவெப்பமே குதிரைக்கு ஒவ்வாது என்று கூறுவர் பலர். நெடுந்தீவு இதற்கு மறுப்பாக நிற்கின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கியதாகக் கருதப்படும் குதிரை வளர்ப்பை ஒல்லாந்தர் அங்கே முறையாக நடத்தினர். யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த சுவார்டகுறூன் 1697இல் எழுதிய நினைவுக்குறிப்பிலும் அது இடம்பெறுகின்றது. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்ற படையதிகாரியின் மேற்பார்வையில் அது தொடர்ந்தது. பவளப்பாறைக் கற்களாற் கட்டப்பட்ட லாயத்தின் தூண்கள் இன்றும் உள்ளன. வளர்ப்பு கைவிடப்பட்ட பின்னரும் குதிரைகள் அழியவில்லை. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் கொண்ட வறண்ட சுண்ணக்கல் தீவில், எவரும் இலாடம் அடிக்காமல், கொள்ளு வைக்காமல், அவை தலைமுறை தலைமுறையாக ஈன்று பெருகின. உலர்ந்த வன்தரை குளம்புக்கு ஏற்றது. அசைபோடாத இவ்விலங்கு தரங்குறைந்த புல்லையும் மிகுதியாகத் தின்று பிழைக்கக்கூடியது. பாண்டிய நாட்டில் குதிரையைக் கொன்றது காலநிலை மாத்திரமன்று. சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டிய பராமரிப்பும்தான் என்று கொள்வதே பொருந்தும். ஆனால் நெடுந்தீவுக் குதிரை உருவிற் சிறியது என்பதையும் மறைத்தலாகாது.

குதிரையால் தாங்க முடியாதது நீரின்மை. கோடையில் குளங்களும் கேணிகளும் வற்றும்போது அவை மடிகின்றன. இங்கேதான் பாகுபாடு என்பது ஏட்டுச் சிக்கலாக இல்லாமற் போகின்றது. உல்லாசப் பயணிகளுக்கு அவை ‘காட்டுக்குதிரை’. விலங்கியலாளருக்கு அவை காட்டு விலங்கே அல்ல. வீட்டு விலங்கின் வழித்தோன்றல்கள், நம் ஊர் வழக்கிற் சொன்னால், கட்டாக்காலிகள். காட்டிற் பிறந்து துறைமுகத்தில் விலைபோன யானை, மனிதரிடையே வாழ்ந்து மடிந்தாலும், காட்டு விலங்காகவே கணிக்கப்படுகின்றது. மனிதர் கைவிட்டு இரண்டு நூற்றாண்டை அணுகும் குதிரையோ இன்னும் வீட்டு விலங்கு. காட்டு விலங்கெனின் காப்பது அரசின் கடமை. கட்டாக்காலியெனின் உடையவனைத் தேட வேண்டும். உடையவர்களான ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கப்பலேறிவிட்டனர். சுதேச உயிரினங்களையே காத்தல் வேண்டும் எனின் இக்குதிரைக்கு இடமே இல்லை.

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அத்தீவில் வாழும் மக்களுக்கும் மாடுகள் உள. போர்த்துக்கேயர் அதனைப் பசுக்களின் தீவு என்றே அழைத்தனர். பசுந்தீவு என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. குதிரை தின்னும் புல்லும் குடிக்கும் நீரும் அம்மாடுகளுக்கும் உரியவை. கோடையில் ஒரு தொட்டி நீரை எந்த விலங்குக்கு முதலில் ஊற்றுவது என்பதை அங்குள்ளோரே ஆண்டுதோறும் தீர்மானிக்க வேண்டியவராய் உள்ளனர்.