நடுவுநிலைமையும் சபாநாயகர் ஆசனமும்

சபையின் உயர்ந்த ஆசனத்தில் அமர்பவர் தாமும் வாக்குகளாலே தெரிவானவர். பெரும்பாலும் ஒரு கட்சியில் வளர்ந்தவர். அங்ஙனமாயின், அவர் எப்பக்கமுஞ் சாராது நீதி வழங்குதல் எங்ஙனங் கூடும்? இவ்வினாவுக்கு விடை காண ஆங்கில நாட்டுப் பாராளுமன்றத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்வரலாற்றின் மூன்று படிகளை ஈண்டு நோக்குவோம்.

1642ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் முதலாஞ் சாள்ஸ் மன்னன் ஆயுதந் தாங்கிய வீரருடன் பொதுமக்கள் சபைக்கு வந்தான். பிம், ஹம்டன் முதலிய ஐந்து உறுப்பினரைச் சிறைப்பிடித்தலே அவன் நோக்கம். அவர்களோ முன்னரே அகன்றுவிட்டனர். அவர்கள் எங்கேயென மன்னன் வினவ, சபாநாயகர் வில்லியம் லெந்தால் முழந்தாட்படியிட்டு, சபை பணித்தாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லையென விடை பகர்ந்தார். மன்னனுக்கு அஞ்சாமை முதற்படி.

மன்னனுக்கு அஞ்சாதவரும் மந்திரிமாருக்குக் கடமைப்படலாம். 1728 முதல் 1761 வரை 33 ஆண்டுகள் சபாநாயகராயிருந்த ஆர்தர் ஒன்ஸ்லோ, கடற்படைப் பொருளாளர் என்னும் வருவாய் மிக்க அரசாங்கப் பதவியையும் உடன் வகித்தார். 1742இல் அதனைத் துறந்தார். ஒருவர் கையில் ஊதியம் பெற்றுக்கொண்டு அவரை நடுநின்று நோக்குதல் அரிதன்றோ? பதவிப்பயன் துறத்தல் இரண்டாம் படி.

இரு பக்கமும் வாக்குகள் சமமாயின் யாது செய்வது? 1867இல் சபாநாயகர் டெனிசன் இதற்கு நெறி வகுத்தார். மேலும் விவாதிக்க இடமுண்டாயின், அறுதியிடும் வாக்கு விவாதம் தொடரவே அளிக்கப்படும். இன்றேல், பெரும்பான்மையில்லாத மாற்றமெதற்கும் அவ்வாக்குத் துணைபோகாது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஒரு திருத்தத்துக்கு 310க்கு 310 என வாக்குகள் சமமானபோது, சபாநாயகர் பேர்க்கோ இந்நெறிப்படியே எதிராக வாக்களித்தார். அவரது சொந்த விருப்பு யாதென எவரும் வினவ வேண்டியதில்லை. விருப்பை விதிக்கு அடக்குதல் மூன்றாம் படி.

எனவே, நடுவுநிலைமையென்பது கருத்தே இல்லாதிருத்தலன்று. கருத்திருந்தும் முன்னரே அறிவித்த விதியின் வழி ஒழுகுதலாம்.

நம் நாட்டுச் சபையும் இம்மரபிற் கிளைத்ததே. யாழ்ப்பாணத் தமிழரான சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையின் சபாநாயகராக வீற்றிருந்தார். சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாயிருந்த சபையிலே தமிழரொருவர் அவ்வாசனத்தை வகித்தமை நாம் நினைவில் இருத்தத்தக்கது.

எண்ணிக்கையில் மிக்கோர்க்கு வாக்குப்பலம் உண்டு. குறைந்தோர்க்கோ பேசும் உரிமையொன்றே பலம். அதற்குக் காவல் ஆசனத்திலிருப்பவரே. அவர் சாய்ந்தால், தோற்றவர் சபையை நம்பார். வென்றவர்க்கும் வெற்றி நிலையாது. பாராளுமன்றத்துக்கு மட்டுமன்று, வாலிபர் சங்கக் கூட்டத்துக்கும் இஃது ஒக்கும். நாளை நம்முள் எவரேனும் அக்கிராசனம் வகிக்க நேரின், நண்பன் கையுயர்த்துமுன் மாற்றுக் கருத்தினன் கையுயர்ந்ததா என நோக்குவோமாக.