பள்ளியறையில் பகுத்தறிவு

பெர்லின் நகரம். 1933-ஆம் ஆண்டு, மே திங்கள் 6-ஆம் நாள். வாத்திய முழக்கத்தோடு ஒரு மாணவர் படை வருகிறது. கதவுகள் உடைகின்றன. அலமாரிகள் கவிழ்கின்றன. ஏடுகளை வாரி வண்டியில் எறிகிறார்கள். நான்கு நாட்கள் கழித்து, மே 10-ஆம் நாள் இரவு, ஓப்பரா சதுக்கத்தில் பெருந்தீ மூட்டி அந்த ஏடுகளைக் கொளுத்துகிறார்கள், கொக்கரிக்கிறார்கள். அறிவு எரிகிறது, ஆணவம் ஆடுகிறது!

வந்தவர்கள் ஹிட்லரின் நாஜி மாணவர்கள். அவர்கள் சூறையாடியது ஆயுதக் கிடங்கா? இல்லை. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தோரின் பாசறையா? அதுவும் இல்லை. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் மருத்துவர் 1919-இல் நிறுவிய பாலியல் ஆராய்ச்சி நிலையம் அது. மணவாழ்வில் இடர்ப்பட்டோர் அங்கே வந்து ஆலோசனை பெற்றனர். பெற்றோரிடமும் கேட்க முடியாத, பாதிரியாரிடமும் கேட்க முடியாத கேள்விகளைப் பொதுமக்கள் அங்கே கேட்டனர். மருத்துவர்கள் மறுமொழி கூறினர். ஹிர்ஷ்ஃபெல்ட் யூதர். ஓரினக் காதலரைக் குற்றவாளியாக்கும் சட்டம் ஒழியவேண்டும் என்று வாதாடியவர். வெறியருக்கு வேறென்ன காரணம் வேண்டும்? அப்போது அவர் நாட்டில் இல்லை. தம் வாழ்நாள் உழைப்பு சாம்பலாவதைப் பாரிஸ் நகரத் திரைப்பட அரங்கில், செய்திப்படத்தில் கண்டார். தாயகம் திரும்பாமலே 1935-இல் பிரான்சு நாட்டு நீஸ் நகரில் மறைந்தார்.

ஆணும் பெண்ணும் கூடி வாழ்வதைப் பற்றி அறிவு வாய் திறந்தால், ஆதிக்கம் ஏன் இப்படி அலறுகிறது? நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது. இல்லறத்தின் இன்பத்தைப் பாட ஆயிரம் புலவர்கள் உண்டு. அந்த இன்பம் இல்லாமல் வாடும் இணையருக்கு வழிகாட்ட எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களுக்கு வாய்த்தவை இரண்டே: அச்சம், பழி.

அச்சத்தை விதைத்தோர் பூசாரிகள் மட்டுமல்லர், மருத்துவர்களும்தாம்! சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் திஸ்ஸோ, 1760-இல் ஒரு நூல் வெளியிட்டார். தன்கையால் இன்பம் காணும் இளைஞனின் உடல் உருகும், பார்வை மங்கும், மூளை கெடும் என்று எழுதினார். மெய்ப்பித்தாரா? இல்லை. மிரட்டினார். ஐரோப்பா முழுதும் அந்த நூல் பரவிற்று. பல தலைமுறை இளைஞர்கள் தங்களுக்கு இல்லாத நோயை எண்ணி நடுங்கி, நடுங்கியதாலேயே நோயாளிகள் ஆனார்கள்.

பழியோ, பெண்ணின் தலையில் விழுந்தது. மஞ்சத்தில் அவளுக்கு மகிழ்ச்சி இல்லையா? ‘குளிர்ந்த பெண்’ என்று பெயர் சூட்டினார்கள். அவள் உடல் எதை விரும்புகிறது என்று எவரும் கேட்கவில்லை. மனத்தின் ஆழங்களைத் துருவிய மேதை ஃபிராய்டே இங்கு இடறினார். புறவுறுப்பில் உணரும் இன்பம் இளம் பருவத்தது, முதிர்ந்த பெண் அதை உள்ளுறுப்புக்கு மாற்றிக்கொள்ளவேண்டும் என்று 1905-இல் எழுதினார். இயற்கையாக அமைந்த உடலோடு வாழ்ந்த பெண்களெல்லாம் ‘முதிர்ச்சியடையாதவர்கள்’ ஆயினர்! பழமை கற்பின் பெயரால் பெண்ணைக் குற்றவாளியாக்கியது. புதுமையோ விஞ்ஞானத்தின் பெயரால் அதையே செய்தது.

இந்தக் கட்டடத்தில் முதல் கடப்பாரையைப் போட்டவர், பூச்சிகளை ஆராய்ந்த ஒரு விலங்கியல் பேராசிரியர். அமெரிக்காவில், இண்டியானா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் கின்சி. குளவிகளை எண்ணிக் கணக்கெடுத்த அதே பொறுமையோடு மனிதரைக் கேட்டார். அவரும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 18,000 பேரைச் சந்தித்தனர். ஆண்களைப் பற்றிய நூல் 1948-இல் வந்தது. பெண்களைப் பற்றிய நூல் 1953-இல் வந்தது. ஆண்களின் நூலுக்குக் கூச்சல். பெண்களின் நூலுக்கோ கொந்தளிப்பு! பெண்ணுக்கும் இன்பம் உண்டு என்று எண்ணிக்கையோடு எடுத்துக் காட்டினால் ஏடு தாங்கும், நாடு தாங்குமா? 1954-இல் ராக்பெல்லர் நிறுவனம் அவருக்கு அளித்துவந்த பொருளுதவியை நிறுத்திவிட்டது.

கின்சி கேட்டார், அடுத்து வந்தவர்கள் பார்த்தனர். அதே 1954-இல், செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக் கழக மகப்பேற்று மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸ், பாலுறவின்போது உடலில் நிகழ்வன யாவை என்று ஆராயத் தொடங்கினார். 1957-இல் அவருடைய துணைக்கு வந்தார் வர்ஜீனியா ஜான்சன். அவரிடம் மருத்துவப் பட்டம் இல்லை, பட்டமே இல்லை. இரு குழந்தைகளின் தாய், பிழைப்புக்கு வேலை தேடி வந்தவர். ஆனால், மாஸ்டர்ஸிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. பெண்ணின் உள்ளத்தை உள்ளிருந்தே அறிந்தவர் அவர். எவரிடமும் எதையும் நாணமின்றிப் பேசவைக்கும் இயல்பும் அவருக்கு வாய்த்திருந்தது. பெண் இல்லாமல் பெண்ணைப் பற்றிய ஆராய்ச்சி நடந்த காலம் அங்கே முடிந்தது.

மனமுவந்து வந்த 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தனர். இதயத் துடிப்பையும் மூச்சின் வேகத்தையும் குருதி ஓட்டத்தையும் கருவிகள் குறித்தன. 1966-இல் நூல் வெளிவந்தது. ஃபிராய்டு பிரித்த இருவகை இன்பம், உடலளவில் இரண்டல்ல என்று அந்த ஆய்வு காட்டியது. அரை நூற்றாண்டாகப் பெண்கள் சுமந்த குற்றச்சாட்டு, கருவியின் முள் அசைந்ததும் கலைந்தது!

ஆராய்ச்சியோடு நின்றார்களா? இல்லை. 1959-இலேயே மருத்துவத்தைத் தொடங்கினர். அவர்கள் கண்ட முறைதான் நாம் பேசவந்த பொருளின் உயிர்நாடி. ‘நோயாளி யார்? கணவனா, மனைவியா?’ என்று அதுவரை உலகம் கேட்டது. அவர்களோ, நோயாளி கணவனும் அல்ல, மனைவியும் அல்ல. இருவருக்கும் இடையிலுள்ள உறவே நோயாளி என்றனர். தனியே வந்த கணவனிடம், மனைவியையும் அழைத்துவரச் சொன்னார்கள். இருவருக்கு மருத்துவம் செய்ய இருவர்: ஓர் ஆண், ஒரு பெண். கணவன் சொல்வதை ஆணுக்கு ஆண் புரிந்துகொள்ள ஒருவர்; மனைவி சொல்வதைப் பெண்ணுக்குப் பெண் புரிந்துகொள்ள ஒருவர். வழக்கில் ஒருதலைப்பட்சம் இல்லை.

மருத்துவம் இரண்டு வாரம், நாள்தோறும். முதலில் இருவரின் வரலாற்றையும் தனித்தனியே கேட்பார்கள். குழந்தைப் பருவத்தில் என்ன கற்பித்தனர், மதம் எதைப் பாவம் என்றது, மணமான முதல் நாள் இரவு என்ன நடந்தது என்றெல்லாம் பரிவோடு வினவுவார்கள். உடல்நோய் உண்டா என்று சோதிப்பார்கள். பிறகு நால்வரும் ஒருங்கே அமர்ந்து, கண்டதை மறைக்காமல் பேசுவார்கள். அதன்பின் வருவது வியப்புக்குரிய ஒரு கட்டளை: “உடலுறவு கூடாது!”

உறவில் இடர் என்று வந்தவர்களுக்கு உறவையே தடை செய்வதா? ஆம்; அதில்தான் இருக்கிறது நுட்பம். தூக்கம் வரவேண்டும், வரவேண்டும் என்று இரவெல்லாம் முயல்பவனுக்குத் தூக்கம் வருமா? ஆணின் எழுச்சியும் அப்படியே. பெண்ணின் நெகிழ்ச்சியும் அப்படியே. கட்டளைக்குப் பணியும் வேலைக்காரர்கள் அல்ல அவை. ‘இன்றும் தோற்றுவிடுவேனோ?’ என்று அஞ்சுகிறவன், தன் உடலைத் தானே வேவு பார்க்கிறான். மஞ்சத்தில் காதலனாக இல்லை. கடைசி வரிசையில் அமர்ந்த பார்வையாளனாகிவிடுகிறான். வேவு பார்க்கும் கண்முன் உடல் உறைகிறது. தோல்வி அச்சத்தைப் பெறுகிறது. அச்சம் அடுத்த தோல்வியைப் பெறுகிறது. உடலுறவுக்குத் தடை போட்டுவிட்டால்? தேர்வே இல்லை, எனவே தோல்வியும் இல்லை! கையைக் கட்டிய அச்சம் அவிழ்கிறது.

அந்த விடுதலையில், தங்கள் அறையின் தனிமையில், ஒருவரையொருவர் தொடக் கற்கிறார்கள். முதல் நாட்களில் மார்பும் மறைவுறுப்புகளும் விலக்கு. கை, தோள், முதுகு, முகம்... எதையும் சாதிப்பதற்காக அல்ல; தொடும் உணர்வை அறிவதற்காகவே. ‘இது இனிக்கிறது, இது நோகிறது’ என்று சொல்லப் பழகுகிறார்கள். எத்தனையோ ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அந்த ஒரு சொல்லை மனைவி சொன்னதில்லை, கணவன் கேட்டதில்லை! படிப்படியாக எல்லை விரிகிறது. அச்சத்தால் பெண்ணின் தசைகள் தாமே இறுகி உறவு நோவாகிறதா? அவள் கட்டுப்பாட்டிலேயே, அவள் ஒப்புதலோடு, சிறு அளவிலிருந்து மெல்ல மெல்லப் பழக்குகிறார்கள். விந்து விரைந்து வெளிப்படுகிறதா? எழுச்சி மிகும்போது நிறுத்தி, தணிந்தபின் தொடரும் முறை உண்டு. ஜேம்ஸ் சீமன்ஸ் என்னும் மருத்துவர் 1956-இலேயே அதனை எழுதியிருந்தார். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, மூலிகை இரகசியமும் இல்லை.

11 ஆண்டுகளில் 790 பேருக்கு மருத்துவம் செய்து, 1970-இல் இரண்டாம் நூலை வெளியிட்டனர். ‘இத்தனை பேரைக் குணப்படுத்தினோம்’ என்று பறைசாற்றாமல், குணமாகாதவர் ஐந்தில் ஒருவர் அளவே என்று தோல்வியைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அப்படியானால் அவர்களைப் பீடத்தில் ஏற்றி மாலை சூட்டுவோமா? கூடாது! வேதமென்று ஒன்றை விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு வேதத்தை நாம் கொண்டுவரலாகாது. 1980-இல் பெர்னி ஜில்பர்கெல்ட், மைக்கேல் எவன்ஸ் என்னும் இருவர் அந்தக் கணக்கை உரைகல்லில் உரைத்தனர். ‘தோல்வி’ என்பதற்கு இலக்கணம் என்ன, எவரைச் சேர்த்தீர்கள், எவரை விட்டீர்கள் என்று வினவினர். தெளிவான விடை நூலில் இல்லை. அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. ஓரினக் காதலரை மாற்றிவிட முடியும் என்று மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1979-இல் எழுதினர். அக்கூற்று ஆராய்ச்சிமுன் நிற்கவில்லை. அத்தகைய ‘மாற்று’ முயற்சிகள் பயனற்றவை, தீங்கானவை என்று மருத்துவ உலகம் இன்று ஒதுக்கிவிட்டது. தவறைத் திருத்தியது எது? அருள்வாக்கா? இல்லை, அதே விஞ்ஞானம்தான்.

அறிவு தேங்கவில்லை. வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஹெலன் சிங்கர் கேப்லன், 1974-இல் வெளியிட்ட நூலில் இம்முறையோடு உளப்பகுப்பையும் இணைத்தார். உடல் இயங்குவது ஒன்று, உள்ளம் விரும்புவது வேறொன்று என்று 1979-இல் விளக்கினார். விருப்பமே இல்லாத இடத்தில் பயிற்சி என்ன செய்யும்? தீராத பிணக்கு, ஓயாத வேலை, மதியாத கணவன் — இவையும் நோயின் வேர்களாகலாம் என்பது தெளிந்தது. 1998-இல் சில்டெனாபில் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குருதிக் குழாயை விரிக்க உதவும் மருந்து அது, பலருக்குப் பயன்பட்டது. ஆனால், கோபத்தைக் கரைக்கும் மாத்திரையை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் செய்யவில்லை! எனவே, இன்று தேர்ந்த ஆலோசகர் முதலில் உடலைச் சோதிக்கச் சொல்வார். எழுச்சிக் குறைவு சிலருக்கு நீரிழிவின் அறிகுறி. சிலருக்கு இதயநோயின் முன்னறிவிப்பு. அதன்பின் இருவரையும் பேசவைப்பார். பயிற்சி இணையரின் வீட்டில். ஆலோசகர் கை அவர்கள் மேல் படாது. அடியும் மிரட்டலும் உள்ள இல்லமாயின், பயிற்சியைத் தள்ளிவைத்து முதலில் அவளுடைய பாதுகாப்பைப் பார்ப்பார்.

நம் நாட்டில் இந்த ஒளியை ஏற்ற ஆள் இல்லையா? இருந்தார். பம்பாயில், ரகுநாத் தோண்டோ கார்வே. கணிதப் பேராசிரியர். 1921-இல் கருத்தடை நிலையம் திறந்தார். 1927 முதல் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி ஏட்டை நடத்தி, வாசகரின் பாலுறவு ஐயங்களுக்கு விடை எழுதினார். ஆபாசம் என்று வழக்கு! 1934-இல் அவருக்காக வாதாடியவர் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர். வழக்குத் தோற்றது. ஆயினும், 1953-இல் மறையும் வரை கார்வே ஏட்டை நிறுத்தவில்லை.

அறிவு பேசியவருக்குத் தண்டனை. ஆசை காட்டி ஏய்ப்பவருக்கோ சுவரெல்லாம் விளம்பரம்! ‘இழந்த ஆண்மை’, ‘இளமையில் செய்த தவறு’, ‘இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் சந்திக்கலாம்’... திஸ்ஸோ சொன்ன பொய்யின் தம்பி நம் தெருவில் கடை வைத்திருக்கிறான். நாற்பது துளி குருதி ஒரு துளி விந்து என்று நடுங்கவைக்கிறான். பாலின்பத் திறனைப் பெருக்கும் மருந்தென்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. விந்து இழப்பைப் பற்றிய இந்தக் கவலை நம் இளைஞரைப் பிணிப்பதைக் கண்டு, மனநல மருத்துவர் விக் 1960-இல் ‘தாது நோய்க்குறி’ என்று அதற்குப் பெயரிட்டார். அவர்களை வாட்டுவது விந்தின் இழப்பல்ல, அந்த இழப்பைப் பற்றிய அச்சமே. சட்டம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது. காரணம், நம் வாய் மூடியிருக்கிறது.

இளைஞர்களே! நாளை மணமேடை ஏறுவோரும், இன்று இல்லறத்தில் இருப்போரும் உங்களில் உண்டு. இடர் வந்தால் இரவில் லாட்ஜ் படி ஏறவேண்டாம்; பகலில், பட்டம் பெற்ற மருத்துவரிடம் செல்லுங்கள். தனியே செல்லவேண்டாம், இணைந்து செல்லுங்கள். மனைவியின் மகிழ்ச்சி கணவன் போடும் பிச்சையல்ல, அவளுடைய உரிமை. ‘வேண்டாம்’ என்று அவள் சொல்வதும் உரிமைதான். பெர்லினில் எரித்த ஏடுகள் ஏராளம். அவற்றில் இருந்த கேள்விகளை எரிக்க முடிந்ததா? கேட்போம், தோழர்களே! நாணத்தை அறிவுக்கு விலங்காக்காமல், துணையின் கையைப் பற்றிக்கொண்டு கேட்போம்.