வடசென்னையில் நேர்மின்சாரமும் இருதிசை மாற்றியும்

இருதிசை நேர்மின் மாற்றி என்பது ஒரு நேர்மின்னழுத்தத்தை மற்றொரு நேர்மின்னழுத்தமாக மாற்றி, மின்திறனை இருபுறமும் செல்லவிடும் கருவியாகும். இது இல்லாத காலத்தில் நேர்மின்சாரம் பட்ட பாட்டைச் சென்னைத் துறைமுகப் பகுதி நன்கு அறியும்.

1895 மே 7 அன்று சென்னையில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின் டிராம் இதுவே. அது துறைமுகத்தையும் நகரின் உட்பகுதிகளையும் இணைத்தது, நேர்மின்சாரத்தில் இயங்கியது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டியும் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் வந்தது.

மாறுதிசை மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க ஒரு மின்மாற்றி போதும். நேர்மின்சாரத்துக்கு அது பயன்படாது. ஒரு மோட்டாரைக் கொண்டு ஒரு மின்னாக்கியைச் சுழற்ற வேண்டும். அக்காலத்தில் மேலைநாட்டு மின் நிலையங்கள் சிலவற்றில் இருந்த ‘மீள் பூஸ்டர்’ அத்தகைய எந்திரமே. சுமை குறைந்தபோது மின்கலத்தை ஏற்றி, சுமை கூடியபோது அதிலிருந்து மின்சாரம் தரும். இன்றைய மாற்றிக்கு இதைப் பாட்டன் எனலாம். ஆனால் எடையும் பராமரிப்பும் மிகுதி. டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. தொடர்வண்டிப் பாதை 1967-இல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறியது.

சுழலும் எந்திரத்தின் இடத்தைக் குறைக்கடத்திச் சாவிகள் பிடித்தன. 1991-இல் டி டான்கர், திவான், கெரலுவாலா ஆகிய மூவர் வெளியிட்ட ‘இரட்டைப் பாலம்’ இன்று பரவலாக உள்ளது. இருபுறமும் நான்கு நான்கு சாவிகள். நடுவில் உயர் அதிர்வெண் மின்மாற்றி. எந்தப் பாலம் சற்று முந்திச் சாவியிடுகிறதோ, அங்கிருந்து மற்றதற்குத் திறன் பாயும். முந்துவதை மாற்றினால் திசையும் திரும்பிவிடும். அதிர்வெண் உயர உயர மின்மாற்றி சிறுக்கும். ஆனால் சாவிகளில் வெப்ப இழப்பு கூடும். வடிவமைப்பாளரின் தலைவலி இங்கேதான்.

120 கிலோவாட் திறனை 600 வோல்ட்டில் அனுப்ப 200 ஆம்பியர் வேண்டும். 300 வோல்ட்டில் 400 ஆம்பியர். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே உயர் திறனுக்கு உயர் மின்னழுத்தமே நல்லது.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின் பேருந்துகள் இயக்கத்துக்கு வந்தன. டிராம் நின்று எழுபது ஆண்டுகளுக்குப் பின், வடசென்னைச் சாலையில் மீண்டும் நேர்மின்சாரம், இம்முறை மின்கலத்தில். மின் பேருந்து பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாகி, மின்சாரத்தை மின்கலத்துக்கே திருப்புகிறது. நின்றிருக்கும் பேருந்து மின்வலைக்கும் மின்சாரம் தர வேண்டுமானால், மின்னேற்றியும் இருதிசையாக இருக்க வேண்டும். ஒருதிசை மின்னேற்றியால் அது முடியாது.