கேளாத கேள்விக்கான பதில்கள்

1881ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விக்டோரியா குடியேற்ற அரசு அமைத்த ஒரு விசாரணைக்குழு, மெல்பேர்ணுக்குக் கிழக்கே ஹீல்ஸ்வில் அருகில் இருந்த கொரண்டேர்க் என்ற ஆதிக்குடிக் குடியிருப்பின் நிலைமையை ஆராய்ந்தது. இறைச்சி எவ்வளவு கிடைக்கிறது, கம்பளி போதுமா, வீடுகள் எப்படி, மேலாளர் எப்படி என்று குழு கேட்டது. அந்த மக்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். பிறகு, யாரும் கேட்காத ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்கள். ஆதிக்குடியினர் பாதுகாப்புச் சபை இனி எங்கள்மேல் இருக்க வேண்டாம். முன்பு எங்களோடு இருந்த ஜோன் கிரீன் ஒருவரை மட்டும் திருப்பி அனுப்புங்கள். எங்கள் உழைப்பில் நாங்களே வாழ்ந்து காட்டுகிறோம் என்பது அந்த மனுவின் சாரம்.

அவர்கள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1863இல் வுருன்ட்ஜெரி மக்களின் தலைவர்களான சைமன் வொங்காவும் வில்லியம் பராக்கும் தம்மவரை அழைத்துவந்து அங்கே குடியேறினார்கள். காட்டை வெட்டி, வீடு கட்டி, பியர் காய்ச்சப் பயன்படும் ஹொப்ஸ் கொடியைப் பயிரிட்டார்கள். நிலம் விளைந்ததும் அதன்மேல் மற்றவர்களின் கண் விழுந்தது. அவர்களைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்ட சபை, குடியிருப்பை மூடிவிட்டு வேறிடத்துக்கு அனுப்பப் பார்த்தது. பராக்கும் மற்றவர்களும் மெல்பேர்ண்வரை நடந்தே போய் அமைச்சர்களைச் சந்தித்து முறையிட்டார்கள். அந்த முறையீடுகளின் விளைவாகவே விசாரணை வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஆதிக்குடியினர் அதில் சாட்சி சொன்னார்கள். மனுக்களைக் கைப்பட எழுதியவர் அவர்களில் ஒருவரான தோமஸ் டனொலி.

அந்தப் பெயரில் என் கண் எப்போதும் ஒரு கணம் நிற்கும். என் அப்பா யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதிப் பிழைத்தவர். வருகிற சனம் அழும், ஏசும், கலியாணக் கதையிலிருந்து தொடங்கும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எட்டு வரியில் முடித்துவிடுவார். "கந்தோருக்குக் கதை வேண்டாம் பிள்ளை, கோரிக்கைதான் வேணும்" என்பார். சுற்று நிருபத்தில் இல்லாததைக் கேட்டால் கோப்பு மூலைக்குப் போய்விடும் என்பது அவர் அனுபவம். அவுஸ்திரேலியாவுக்கு வந்து, மெல்பேர்ணின் டண்டெனொங் பக்கத்து எங்கள் முதியோருக்கு அரச விசாரணைகளுக்கான சப்மிஷன், அதாவது எழுத்துமூலக் கருத்து, எழுதிக் கொடுக்கத் தொடங்கியபோது நானும் அப்பாவின் கையோடுதான் எழுதினேன். இந்த நாட்டு விசாரணைகளின் பழைய ஏடுகளை வாசிக்க வாசிக்கத்தான், அப்பா வெட்டி எறிந்த பகுதிக்கு இங்கே வேறொரு மதிப்பு உண்டென்று தெரிந்தது.

2010இல் உற்பத்தித்திறன் ஆணைக்குழுவிடம் மத்திய அரசு ஒரு வேலையைக் கொடுத்தது. மாற்றுத்திறனாளிகளின் நீண்டகாலப் பராமரிப்புக்கு ஒரு தேசியத் திட்டம் சாத்தியமா, செலவு என்ன, பணம் எங்கிருந்து வரும் என்று ஆராயும் வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சப்மிஷன்கள் வந்தன. கேள்வி பணத்தைப் பற்றியது. வயதான பெற்றோருக்கோ வேறொரு கேள்வி இருந்தது: நாங்கள் கண்மூடிய பிறகு எங்கள் பிள்ளையை யார் பார்ப்பது? பொருளியலாளர்களின் அந்த ஆணைக்குழு இந்தக் கேள்வியைத் தன் கணக்குக்குள் எடுத்துக்கொண்டது. அங்கவீனம் எந்தக் குடும்பத்துக்கும் வரலாம், அந்த அபாயத்தை நாடு முழுவதும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்ற காப்புறுதித் தர்க்கத்தில் 2011இல் அறிக்கை எழுதியது. 2013இல் சட்டம் வந்தது. இன்று எங்கள் ஆட்களின் வாயிலும் சாதாரணமாகப் புழங்கும் என்டிஐஎஸ் என்ற தேசிய அங்கவீனக் காப்புறுதித் திட்டம் அப்படிப் பிறந்தது.

2016இல் அதே ஆணைக்குழுவிடம் வேறுவிதமான கேள்வி போனது. அன்றைய திறைசேரி அமைச்சர் ஸ்கொட் மொரிசன், மனிதச் சேவைகளில் போட்டியையும் பயனாளியின் தெரிவையும் எங்கெங்கே புகுத்தலாம் என்று கேட்டார். ஆறு துறைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அரச பல் மருத்துவம், சமூக வீடமைப்பு, வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பு, குடும்ப மற்றும் சமுதாயச் சேவைகள், தொலைதூர ஆதிக்குடிச் சமூகங்களுக்கான சேவைகள், மருத்துவரைத் தெரிவுசெய்யும் நோயாளியின் உரிமை ஆகியவை அவை. கேள்வியே பாதிப் பதிலைத் தனக்குள் வைத்திருந்தது. ஒரேயொரு மருத்துவ நிலையம் இருக்கும் பாலைவன ஊரில் தெரிவு என்று எதைச் சொல்வது? சமுதாய அமைப்புகளின் முறைப்பாடு ஒப்பந்தக் காலத்தைப் பற்றியது. குறுகிய கால ஒப்பந்தங்கள்; ஊழியருக்குத் தொழில் நிரந்தரமில்லை; குடும்பங்களோடு பழகி நம்பிக்கை வரும் நேரத்தில் அடுத்த கேள்விப்பத்திரம் எழுத வேண்டியிருந்தது.

2018 மார்ச்சில் வெளியான இறுதி அறிக்கை, குடும்ப மற்றும் சமுதாயச் சேவைகளுக்கு ஏழு ஆண்டு, தொலைதூர ஆதிக்குடிச் சமூகங்களுக்குப் பத்து ஆண்டு என ஒப்பந்தக் காலத்தை நீட்டச் சொன்னது. போட்டியைத் தேடிப் புறப்பட்ட விசாரணை, நிலைத்து நிற்க அவகாசம் கொடுங்கள் என்று சொல்லி முடிந்தது. வந்த கடிதங்களை வாசிக்கும் விசாரணை தன் கேள்வியையே திருத்திக்கொள்ளும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

வாசித்தவர் கையில் அதிகாரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ரோபோடெட் என்று அழைக்கப்பட்ட கடன் வசூலிப்புத் திட்டம் காட்டியது. மனிதச் சேவைகள் திணைக்களம், வரித் திணைக்களத்திடமிருந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, உதவிப்பணம் கூடுதலாகப் பெற்றீர்கள் என்று கடன் கடிதம் அனுப்பியது. ஒரு கிழமை வேலை, மறு கிழமை இல்லை என்று பிழைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? 2017இல் செனற் குழு திட்டத்தின் வடிவமைப்பையும் செலவையும் பற்றி விசாரித்தது. மக்கள் தங்கள் பயத்தையும் அவமானத்தையும் எழுதினார்கள். சட்ட உதவி அமைப்புகள் இந்தக் கடனின் சட்ட அடிப்படையையே கேள்விக்குட்படுத்தின. திட்டத்தை நிறுத்திவைக்கும்படி குழு பரிந்துரைத்தது. அரசு நிறுத்தவில்லை. 2019 நவம்பரில் சமஷ்டி நீதிமன்றத்தில் தன் பிழையை ஏற்ற பிறகு, 2020இல் 72 கோடி டொலரைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. கத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணைக்குழுவின் அறிக்கை 2023 ஜூலையில் வந்தபோது, 2017இன் அந்தப் பக்கங்கள் எச்சரிக்கை முன்பே கிடைத்ததற்குச் சாட்சியாக இருந்தன.

முதியோர் பராமரிப்புக்கான அரச ஆணைக்குழு 2018இல் அமைந்தது. தரத்தையும் பாதுகாப்பையும் ஆராய்வது அதன் பணி. பத்தாயிரத்துக்கும் அதிகமான சப்மிஷன்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று, முதியோர் விடுதியில் இருந்த ஓர் ஆச்சிக்காக நான் எழுதியது. பாரிசவாதம் வந்தபின் அவருடைய ஆங்கிலம் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது. இரவில் தண்ணீர் கேட்க ஒரு சொல் இல்லை. "இதெல்லாம் அவைக்கு எழுதலாமோ பிள்ளை? நான் விழவுமில்லை, ஒருத்தரும் அடிக்கவுமில்லை" என்றார். அப்பா என்றால் வெட்டியிருப்பார். நான் அதையே முதல் பந்தியாக வைத்தேன்.

2021 மார்ச்சில் 148 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது. விடுதிகளில் நாள் முழுவதும் தாதி இருக்க வேண்டும் என்பது 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் உரிமைப் பட்டியலில், தான் விரும்பும் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையும் இருக்கிறது. ஆச்சியின் கடிதத்தால்தான் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். அவரைப் போல எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

எழுதினால் எல்லாம் கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். கொரண்டேர்க் நிலம் 1884இல் நிரந்தர ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது. மனு வென்றது போலிருந்தது. இரண்டே ஆண்டில், 1886இன் சட்டம் கலப்பு வம்சத்தவரான உழைக்கும் வயதினரை அங்கிருந்து வெளியேற்றியது. உழைப்பவர்கள் போனபின் பண்ணை தளர்ந்தது. 1924இல் குடியிருப்பு மூடப்பட்டது.

இப்போது சப்மிஷன் எழுத என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முறை சுருக்கமானது. படிவம் கேட்பதற்கு ஒரு பக்கத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள், அப்போதுதான் வாசிப்பார்கள். அடுத்த பக்கத்தில் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எழுதி, அதற்குப் பதிலும் எழுதுங்கள். இந்த விசாரணை அதைத் தாண்டிப் போனாலும், அடுத்த விசாரணைக்காரர் கோப்பைத் திறக்கும்போது முதலில் தேடுவது அந்த இரண்டாவது பக்கத்தைத்தான்.