சாணி மூடிய கல்

வருசநாட்டுப் பக்கம் நாகரத்தினக் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கிழட்டு நாகம் கல்லைக் கக்கி வச்சிட்டு, அந்த வெளிச்சத்துல இரை தேடும். சாணியைப் போட்டு மூடினா கல்லு நமக்கு. பாம்பு தலையை மோதிச் செத்துப்போகும். கதை கேட்கும் நாம் எடுத்தவன் பக்கம்தான் நிற்கிறோம். 'ரீஜென்ட்' வைரத்தின் கதையும் இப்படித்தான்.

கிருஷ்ணா கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆண், பெண், குழந்தைகளாக 60,000 பேர் உழைத்ததாக 17ஆம் நூற்றாண்டில் தவெர்னியே எழுதினார். அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை. ஓர் அடிமை காலைக் கிழித்து, கட்டுக்குள் 410 காரட் கல்லை ஒளித்து ஓடினானாம். ஆங்கிலக் கப்பல்காரன் அதைப் பிடுங்கி அவனைக் கடலில் தள்ளினானாம். பிறகு தானும் தூக்குப்போட்டுக்கொண்டானாம்.

ஆவணம் பேசுவது விலையை. சென்னைக் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட், 1702இல் ஜாம்சந்த் என்னும் வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். பட்டை தீட்டிய 140 காரட் கல் இன்று லூவ்ரில்.

கதையில் திருடியவனும் கொன்றவனும் செத்துவிடுகிறார்கள். பாவக்கணக்கு அங்கேயே முடிகிறது. பிட் கைக்குக் கல் சுத்தமாக வந்துசேர்கிறது. சாபக்கதை கூலிக்கணக்கின் மேல் போட்ட சாணி. ஆனால், ஆவணத்தில் இல்லாத அந்தக் கிழிந்த காலை நினைவில் வைத்திருப்பதும் அதே கதைதான்.

கோகினூரைத் திருப்பிக் கொடு என்கிறோம். சரிதான். யாருக்கு? அரசுக்கா, தோண்டியவர்களுக்கா? அதையும் சேர்த்துக் கேட்கணும்.