கிழவி கேட்ட இளமை: ஓரிக்கைக் கதையும் நெசவாளர் முதுமையும்

ஓரிக்கை என்ற ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒரு கிழவி இருக்கிறாள். காஞ்சித் திருவெஃகாவில் திருமழிசையாழ்வாருக்குத் தொண்டு செய்துவந்த அவள், உடல் தளர்ந்து தொண்டு நின்றுவிடுமே என்று கலங்கினாள்; ஆழ்வார் அவளை இளையவளாக்கினார். அவளைக் கண்ட பல்லவ மன்னன் மணந்துகொண்டான். காலம் போகப் போக அரசனுக்கு நரைத்தது. அரசிக்கு மூப்பே வரவில்லை. தனக்கும் இளமை வேண்டும், அதற்காகத் தன்னைப் பாட வேண்டும் என்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணரை அரசன் நெருக்கினான். அரசனைப் பாட மறுத்த கணிகண்ணர் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார். ஆழ்வாரும் உடன் கிளம்ப, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். அவர்கள் தங்கிய 'ஓர் இரவு இருக்கை' ஓரிக்கையாயிற்று என்பது வைணவ மரபு.

பக்திக் கதையாகவே இதைச் சொல்லி வருகிறோம். உழைப்பைப் பற்றிய கதையாகவும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கதையில் இருவர் இளமையை விரும்புகிறார்கள். அரசன் அனுபவிப்பதற்காக விரும்பினான். கிழவி வேலையை விடாமல் செய்வதற்காக விரும்பினாள். கிடைத்தது கிழவிக்கு. முதுமை பற்றிய இன்றைய அறவாதங்களில் பெரும்பகுதி அரசனின் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. ஆயுளை எவ்வளவு நீட்டலாம் என்று ஒருபுறம் ஆய்வு நடக்கிறது. முதியோருக்கான உயிர்நீட்டிப்பு மருத்துவத்துக்கு வயதை வைத்து எல்லை வகுக்கலாம் என்று அமெரிக்க அறவியலாளர் டேனியல் கலஹன் 1987-இல் எழுதியது மறுபுறம். உழைத்து உழைத்துக் கை ஓய்ந்தவளின் கேள்வி இரண்டிலும் இடம்பெறவில்லை.

காஞ்சியின் நெசவு வீடுகளில் அந்தக் கேள்வி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ளத் துணையாள் ஒருவர் வேண்டும். நெய்பவர் குழிக்குள் காலை இறக்கி நாள் முழுக்க மிதிக்கிறார். வயது ஏறினால் முதலில் கண் மங்கும். அறுந்த இழையைத் தேடிக் கட்ட முடியாது. அடுத்து முழங்கால். தறியை விட்டு இறங்கியவருக்கு வீட்டில் மிச்சமிருப்பது ராட்டை. கண்ணில் புரை விழுந்த பாட்டியும் நாடாவுக்குள் வைக்கும் ஊடையிழையை, அதாவது தார் சுற்றுவார். பட்டிழை விரலிடுக்கில் ஓடும்போது முடிச்சு தட்டுப்பட்டால் ராட்டை தானாக நின்றுவிடும். கண்ணின் வேலையை விரல் செய்கிறது. கூலியோ முடிந்த புடவைக்குத்தான். தார் சுற்றிய கைக்கென்று அதில் தனிக் கணக்கு எழுதப்படுவதில்லை.

இவர்களுக்குச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை 23-ஆம் பிரிவின்கீழ் மீட்கலாம். வீடும் நிலமும் உள்ளவருக்கு இது நல்ல பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் மகனும் புடவைக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்பவன் என்றால், தீர்ப்பாயம் யாரிடமிருந்து எதை வாங்கித் தரும்?

மற்றொரு வழி ஓ.ஏ.பி. பணம். தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாயானது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய். இந்த ஓய்வூதியத்தைப் பெற ஆதரவற்றவர் என்று காட்ட வேண்டும். ஆக, பிள்ளையிடம் வாங்க அவன்மேல் மனுப் போட வேண்டும். அரசிடம் வாங்க நாதியில்லை என்று நிரூபிக்க வேண்டும். எத்தனை வருடம் உழைத்தீர்கள் அம்மா என்ற கேள்வி இரண்டு வாசலிலும் எழுவதில்லை. பெயரில் 'ஊதியம்' இருக்கிறது; நடைமுறையில் அது இரக்கத்தில் கொடுக்கும் உதவியாகவே நடத்தப்படுகிறது. இந்த முரண்தான் என்னை உறுத்துகிறது.

ஓய்வூதியத்தைப் பெருக்கினால் பெற்றோரைப் பேணும் பண்பாடு தேயும் என்று ஒரு மறுப்பு உண்டு. பண்பாட்டில் நமக்குக் குறைவில்லை. நூறு வயதை எட்டும் நிலையில் 1994-இல் மறைந்த காஞ்சிப் பெரியவருக்கு இதே ஓரிக்கையில் கருங்கல்லில் மணிமண்டபம் எழுந்திருக்கிறது. மேலும், முதுமையைக் குடும்பத்தின் பொறுப்பாக மட்டும் நம் மரபு பார்க்கவில்லை. ஆண்டு பலவாகியும் நரைக்காததற்குச் சங்கப் புலவர் பிசிராந்தையார் சொன்ன காரணங்களில் மனைவி மக்களோடு ஏவலரும் வேந்தனும் ஊர்ச் சான்றோரும் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவும் முதுமையில் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற வரம்போடு. அந்த வரம்பு நியாயமானதே. ஆனால் 2021-இல் தமிழக மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள் என்பது மக்கள்தொகைக் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த நிலை. இத்தனை பேரின் முதுமையை ஆதரவற்ற சிலரின் துயரமாக இனியும் கருத முடியாது.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான கைத்தறி நெசவாளர்களுக்குத் தனி ஓய்வூதியத் திட்டம் உண்டு. உழைப்பைக் கணக்கில் கொள்ளும் நல்ல முன்மாதிரி அது. உறுப்பினர் கணவராக இருக்கும் வீட்டில், வாழ்நாள் முழுதும் தார் சுற்றியவர் அதற்கு வெளியே நிற்கிறார். திருவெஃகாக் கிழவிக்கு நான் கேட்ட கதைவடிவம் எதிலும் பெயர் இல்லை. சங்க நிர்வாகிகளையும் கைத்தறித் துறையையும் நான் வேண்டுவது ஒன்றே: நெய்பவர் பெயருக்குக் கீழே தார் சுற்றுபவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதுங்கள், அறுபது வயதில் இருவருக்கும் ஓய்வூதியம் கொடுங்கள்.