விசர்நாய்க்கடியும் உயிர்மதிப்பும்

மனிதர் நலங்கருதிப் பிறவுயிர்களைக் கொல்லுதல் முறையாகுமா என்னும் வினா கற்றோர் அவையில் மட்டும் எழுவதன்று. கஹவத்தை முதலிய சப்பிரகமுவத் தோட்டங்களின் லயத்து வாசல்களிலும் அஃது எழுதல் இயல்பே. லயத்து நாய் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கே உரியதன்று. ஒரு வாசலில் உண்டு, மற்றொரு வாசலில் உறங்கி, லயம் முழுவதையும் காக்கும். அதனைக் கட்டாக்காலி என்று ஏடுகள் குறிக்கலாம். அங்கு வாழ்வார் அவ்வாறு கருதார்.

பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6ஆம் நாள், விசர்நாயாற் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி ஏற்றினார். அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின், 1893இல், இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் பிறந்தது. கடியுண்ட மனிதனுக்கு மருந்து, கடிக்கும் இனத்துக்குக் கட்டும் கொலையும் என்பதே அக்காலத்து நெறி. நாயினத்துக்குப் பெருமளவில் ஏற்றத்தக்க தடுப்பு மருந்து அன்று இல்லாமையால் அந்நெறியை முற்றிலும் குறைகூறுதல் நேர்மையாகாது. ஆயின், 1920களில் ஜப்பானியர் நாய்களுக்குத் தடுப்பூசியிட்டுப் பயன் கண்ட பின்னரும், பல நாடுகளிற் கொலையே எளிய வழியாக நீடித்தது.

1973இல் இலங்கையில் இந்நோயால் 377 பேர் மாண்டனர். 1975இல் நாடளாவிய தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. பின்வந்த ஆண்டுகளில் நாய்களுக்கு ஊசியிடுதலும், கடியுண்டார்க்குச் சிகிச்சையும், கட்டாக்காலிகளைக் கொல்லுதலும் ஒருங்கே நடைபெற்றமையின், சாவு குறைந்தமைக்குக் கொலையே காரணமெனத் துணிதற்கு இடமில்லை. 2006இல் அரசு கொலையைக் கைவிட்டு, ஊசியிடுதலையும் கருத்தடையையும் மேற்கொண்டது. கொலை நின்றால் மனிதர் மடிவர் என்று அஞ்சியோர் பலர். அவ்வாறு நிகழவில்லை, 2012இல் சாவு 38 ஆகத் தாழ்ந்தது. சென்னையிலும், புளூ கிராஸ் சங்கத்தார் 1964 முதல் வற்புறுத்தி வந்த கருத்தடை முறையை மாநகராட்சி 1996இல் ஏற்றுக்கொண்டது.

இதன் காரணம் யாதெனின், கொல்லப்பட்ட நாயின் இடம் வெறுமையாய் நில்லாது. மிஞ்சிய உணவை நாடி அயல்நாய்கள் வந்துசேரும். புதிய குட்டிகளும் பிழைத்து வளரும். அவை ஊசி பெறாதவை. கொல்லப்பட்டவற்றுள் ஊசி பெற்றவையும் இருப்பின், நோய்க்கெதிராய் எழுப்பிய மதிலை நாமே இடித்தவராவோம். மேலும், நாய்பிடிப்பவனுக்கு அஞ்சி நாயை ஒளித்துவைப்பவன் ஊசிக்காரனுக்கும் அதனைக் காட்டான். நூற்றுக்கு எழுபது நாய்கள் ஊசி பெறின் நோய் பரவுதல் தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. மக்களின் நம்பிக்கையின்றி அவ்வெழுபதை எட்டுதல் அரிது.

எனினும், பயன் கருதி மட்டும் உயிரைக் காத்தல் அறமாகிவிடாது. நாளை கொலையே பயன் மிக்கதெனக் கணக்குக் காட்டப்படின் என் செய்வது? விசர்கொண்ட நாயை வருத்தமின்றி முடித்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை; ஒரு குழந்தையின் உயிரை நாயின் உயிரோடு சமமாக நிறுத்தல் வேண்டும் என்பாரும் அரியர். வழு அதுவன்று. நாயின் உயிருக்குக் கணக்கேட்டில் ஒரு வரியும் ஒதுக்காமையே வழு. அவ்வரி அன்றே எழுதப்பட்டிருப்பின், கொலைக்கு மாற்று உண்டா என்னும் வினா முன்னரே எழுந்திருக்கும். நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமபுத்திரன் நின்றதாகப் பாரதம் கூறும்; நாயைப் பைரவரின் வாகனமாகக் கண்ட மரபும் நம்முடையது.

கொல்லாமை மட்டும் போதுமென்பார்க்கும் ஒரு சொல் உண்டு. ஊசியும் கருத்தடையும் தோட்டம் வரை வந்துசேராதாயின் அக்கொள்கை வெறும் புறக்கணிப்பே. கடியுண்ட தொழிலாளி காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனை சேர்தற்குரிய அறிவும் வழியும் அவனுக்கு வாய்த்தல் வேண்டும். நாயின் உயிரை மதித்தலும் லயத்துக் குழந்தையின் உயிரை மதித்தலும் இரு வேறு அறங்களல்ல. ஆண்டுதோறும் தவறாது லயத்துக்கு வரும் ஊசி இரண்டையும் ஒருங்கே காக்கும்.